பூசை நடந்த வீட்டுச் சுவர்

வினி டர்க்கனுக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டாள். துடைப்பத்தை எடுத்துக் கூட்டத் தொடங்கிவிடுவாள். கூட்டின தரையையே திரும்பவும் கூட்டுவாள். அந்தச் சரசர சத்தம் கேட்டதுமே அவள் கணவன் மாலக்கி வாயிலிருந்து புகைக்கிற சுங்கானை எடுத்துவிட்டு, பசுவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வெளியே நழுவிவிடுவான். பசு பாவம், ஒரு நாளைக்கு நாலு முறை பார்க்கப்பட்டது.

அவள் கடற்கரைப் பக்கத்திலிருந்து கோர்ட்டகல்லாவுக்கு வாக்கப்பட்டு வந்தவள். அவள் பிறந்த ஊரின் நிலச்சொந்தக்காரர் இங்கிலாந்தில் இருந்தார். அவர் ஊரைப் பார்த்ததும் கிடையாது, ஊர் அவரைப் பார்த்ததும் கிடையாது. அதனால் அங்கே வீடுகள் கிளிஞ்சல் சுண்ணாம்பில் பளிச்சென்று இருக்கும். கோர்ட்டகல்லாவுக்கு வந்த முதல் நாள் அவள் கண்ணில் பட்டது வாசலுக்கு நேர் எதிரே மலை மாதிரி குவிந்திருந்த சாணிக் குப்பை. அதைக் கொல்லைப் பக்கம் தள்ளிப் போடலாமே என்று கேட்டாள். அது அங்கேயே இருக்கட்டும் என்றான் மாலக்கி. ஏன் என்று கேட்டதற்கு, பெரிய மாளிகை இருக்கும் திசையைத் தலையால் காட்டினான்.

கோர்ட்டகல்லாவில் ஒரு பிடி மண்கூட அந்த மாளிகையில் இருந்த லோரிமர் துரைக்குச் சொந்தமில்லாதது இல்லை. யார் கையிலும் பத்திரம் கிடையாது. வருஷத்துக்கு வருஷம் துரை மனசு வைத்தால் இருக்கலாம். குத்தகை எவ்வளவு என்பது ஏஜெண்டு கிராஸ்பியின் கண்ணில் இருந்தது. கூரை புதிதாக வேய்ந்தால் ஏறும். புகைபோக்கி வைத்தால் ஏறும். டூலன் வீட்டுக்காரன் மகள் கல்யாணத்துக்காகக் கதவுக்குப் பச்சை வண்ணம் அடித்தான். அடுத்த தவணைக்கு அந்தப் பச்சைக்கும் சேர்த்துக் கட்டினான். அதைப் பார்த்து ஊர் படித்துக்கொண்டது. எங்கள் பக்கத்தில் ஏழையாக இருந்தால் மட்டும் போதாது, ஏழையாகத் தெரியவும் வேண்டும். கொஞ்சம் கையிருப்பு உள்ளவன்தான் ஆகப் பெரிய குப்பைமேட்டை வாசலில் வைத்திருப்பான்.

வினி இதை விழுங்கிக்கொண்டாள். ஆனால் செரிக்கவில்லை. நம்முடைய வீட்டுக்குள்ளேயே திருடர்கள் மாதிரி ஒளிந்து வாழ்கிறோமே என்று மாலக்கியிடம் அடிக்கடி சொல்வாள். அவன் பசுவைப் பார்க்கப் போய்விடுவான்.

இப்படி இருக்கும்போது, கோயிலுக்குப் பதில் வீட்டிலேயே திருப்பலி நடக்கும் வீட்டுப் பூசை அவர்கள் முறைக்கு வந்தது.

உயிர்ப்புத் திருநாளுக்கு முந்தின நோன்பான தபசு காலத்தில் ஒரு வீடு, அறுவடை முடிந்த பிறகு ஒரு வீடு என்று கோர்ட்டகல்லாவில் பூசை முறை சுற்றி வரும். அன்று விடியும்போதே பங்குச் சாமியார் வந்துவிடுவார். அடுப்பு ஓரத்தில் உட்கார்ந்து ஊரார் ஒவ்வொருவரும் தங்கள் பாவங்களைச் சொல்லச் சொல்லப் பாவசங்கீர்த்தனம் கேட்பார். பிறகு அடுக்களை மேசையே பீடமாகிவிடும். பூசை முடிந்ததும் அவருக்கு முட்டையும் வெள்ளை ரொட்டியும் தேநீரும் கொடுக்க வேண்டும். ஆண்டவரே வந்து இறங்குகிற வீட்டில் கரிச்சுவர் இருக்கலாமா? அதனால் ஒவ்வொரு வீட்டிலும் பூசைக்கு முன் உள்சுவருக்கு வெள்ளையடிப்பார்கள். வெளிச்சுவரைத் தொடமாட்டார்கள். பூசை முடிந்த அன்றைக்கே அக்கம்பக்கத்தார் அடுப்பெரிக்கச் சதுப்பில் வெட்டியெடுக்கும் கரிமண் கட்டிகளை ஈரத்தோடு கூடையில் கொண்டுவந்து, புகை போகும் ஓட்டையைச் சாக்கால் அடைத்து, கதவைச் சாத்தி அடுப்பை மூட்டிவிடுவார்கள். சாயங்காலத்துக்குள் சுவர் பழையபடி பழுத்துப்போகும். இதற்குச் சுவரைத் தூங்க வைப்பது என்று பெயர். கிராஸ்பி வந்து எட்டிப் பார்த்தால் அவர் கண்ணுக்குப் படுவது தூங்குகிற சுவர்தான்.

கல்யாணமாகி வந்த பிறகு வினிக்கு இதுதான் முதல் முறை. சூளையிலிருந்து சுண்ணாம்புக் கல்லை முதுகுக்கூடையில் அவளே சுமந்து வந்தாள். நீற்றி, வடிகட்டி, மூன்று கை அடித்தாள். சன்னல் என்ற பெயரில் சுவரில் ஒரு ஓட்டை இருந்தது. எப்போதும் வைக்கோல் திணித்தே இருக்கும். பீடத்துக்கு வெளிச்சம் வேண்டும் என்று நச்சரித்து, மாலக்கியைச் சந்தைக்கு அனுப்பி ஒரு கண்ணாடி வாங்கிவரச் செய்து அதில் பதித்தாள். மாவுச் சாக்குகளை வெளுத்துத் தைத்துப் பீடத்துணி ஆக்கினாள். பக்கத்து வீட்டுக் கிட்டி ஃபோர்ட் தன் பீங்கான் கோப்பையைக் கொடுத்தாள். ஊரிலேயே காது உடையாத கோப்பை அது ஒன்றுதான். எந்த வீட்டில் பூசை நடந்தாலும் சாமியார் குடிப்பது அதில்தான். டியர்னன் சாமியார் அந்தக் கோப்பையைப் பார்த்து ஒரு முறை, நீயும் என்னை மாதிரி வீடு வீடாகச் சாப்பிடப் போகிறாயா என்று கேட்டாராம்.

பூசை நடந்தது. சாமியார் நற்கருணை அப்பத்தை உயர்த்திப் பிடித்தபோது, புதுக் கண்ணாடி வழியே வெயில் வந்து வெள்ளைச் சுவரில் விழுந்தது. அந்தச் சின்ன வீட்டில் அவ்வளவு வெளிச்சத்தை யாரும் பார்த்ததில்லை. முழங்காலில் நின்ற வினி முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்த வீடு பிறந்ததே இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் என்று அவளுக்குத் தோன்றியது.

சாமியார் சாப்பிட்டுவிட்டுக் குதிரை ஏறிப் போனதும் கிட்டி ஒரு கூடை ஈரக் கரிமண்ணோடு உள்ளே வந்தாள்.

"தள்ளு வினி. சாக்கும் எடுத்துட்டு வந்திருக்கேன். பொழுது சாயுறதுக்குள்ள பழையபடி ஆயிரும்."

"எது?"

"சுவருதான். வேற எது, உன் மூஞ்சியா?"

"இந்தச் சுவருக்கு முன்னாலதான் கிட்டி, இப்ப ஆண்டவரை உயர்த்திப் பிடிச்சு எழுந்தேற்றம் பண்ணினாங்க."

"எங்க வீட்டுலயும்தான் பண்ணினாங்க. நாங்க புகை போடலையா? நம்ம பொழப்பு அவருக்குத் தெரியாதா? மாட்டுத் தொழுவத்துல பொறந்தவருக்குப் புகை என்ன புதுசா?"

"தொழுவத்துலதான் பொறந்தாரு. அதுக்காக மாதா அவரு மேல சாணியையா பூசினாங்க?"

கூடி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். கிட்டி சிரிக்கவில்லை. கூடையை அங்கேயே வைத்துவிட்டுப் போனாள். மாலக்கி கெஞ்சினான். ஒரே ஒரு நாள் புகை, அவ்வளவுதானே என்றான். வினி துடைப்பத்தை எடுத்தாள். ஆனால் கூட்டவில்லை, கையில் பிடித்தபடியே நின்றாள்.

"சுவரு உங்க அப்பா கட்டினது. சுண்ணாம்பு நான் சுமந்தது. கண்ணாடி நம்ம கோழி முட்டை வித்தது. இதுல அந்தத் துரை வச்ச கல்லு ஒண்ணே ஒண்ணு காட்டுங்க. காட்டிட்டா நானே புகை போடுறேன்."

மாலக்கி பசுவைப் பார்க்கப் போனான். சுவர் விழித்துக்கொண்டே இருந்தது.

தவணைக்கு முன்னால் வழக்கமாக வருகிற சுற்றுக்கு கிராஸ்பி வந்தார். சாலையில் வரும்போதே கண்ணாடி மின்னுவது அவருக்குத் தெரிந்துவிட்டது. தொப்பியைக்கூட எடுக்காமல் குனிந்து உள்ளே நுழைந்தார். ஒரு விரலால் சுவரைத் தடவி, விரலில் ஒட்டிய வெள்ளையைப் பார்த்தார். அவர் தடவிய இடத்துக்கு நேர் கீழேதான் பூசையன்று பீடம் இருந்தது. வினி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"பரவாயில்லையே டர்க்கன், வசதியா இருக்கே போல" என்றார். அவ்வளவுதான் பேச்சு. வருகிற தவணையிலிருந்து குத்தகையில் நாலில் ஒரு பங்கு ஏற்றம் என்று சொல்லிவிட்டுக் குதிரை ஏறினார்.

அதோடு அவர் நிற்கவில்லை. ஒரு வீட்டில் கண்ணாடி இருந்தால் மற்ற வீடுகளிலும் இருக்கும் என்று அவருக்குப் பொறி தட்டிவிட்டது. வீடு வீடாக நுழைந்து சன்னலில் தொங்கிய சாக்குகளை இழுத்துப் பார்த்தார். கிட்டி வீட்டில் சாக்குக்குப் பின்னால் ஒரு கண்ணாடி இருந்தது. அவளுக்கும் ஏற்றம். இன்னும் நாலைந்து வீடுகளுக்கும் ஏற்றம்.

ஊர் மொத்தமும் வினி மேல் பாய்ந்தது. தண்ணீர் எடுக்கப் போனால் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். சுண்ணாம்புக்காரி வருகிறாள், நம் முக்காட்டில் வெள்ளை ஒட்டிக்கொள்ளப் போகிறது, ஒதுங்கு என்று ஒருத்தி சொன்னாள். கிட்டி கோப்பையைத் திரும்ப வாங்கிப் போக வந்தவள் வாசலிலேயே நின்று கொட்டித் தீர்த்தாள்.

"ஊரோட ஒத்து வாழத் தெரியாதவ எதுக்குடி இந்த ஊருக்கு வந்தே? உன் பக்தி உன்னோட. எங்க அடுப்புல ஏண்டி மண்ணைப் போட்டே?"

வினி கோப்பையை முக்காட்டு முனையால் துடைத்துக் கொடுத்தாள்.

"கோபப்படு கிட்டி. நல்லாவே கோபப்படு. ஆனா குதிரை மேல வந்தவனை விட்டுட்டு, முதுகுல சுண்ணாம்பு சுமந்தவ மேல ஏன் படுறே?"

கிட்டி கோப்பையைப் போர்வைக்குள் செருகிக்கொண்டு போய்விட்டாள். ஆனால் அந்தக் கேள்வி அவளோடு வீட்டுக்குப் போனது.

மாலக்கிக்கு இப்போது பசுவைப் பார்க்கவே பயமாக இருந்தது. குத்தகைக்குப் பன்றி போகும். அது எப்போதும் உள்ளது. ஏற்றத்துக்குப் பசுவும் போக வேண்டும். பசு போனால் அடுத்த தவணைக்கு விற்க எதுவும் இருக்காது. அந்த வருஷம் உருளைக்கிழங்கும் பாதி அழுகிவிட்டது. வீடு போய்விடும், வினி, என்றான். அவன் அப்பா கட்டின வீடு. அவன் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளைச் சுட்டது.

அவள் முக்காட்டைப் போட்டுக்கொண்டு, துரையை நேரில் பார்க்கப் பெரிய மாளிகைக்கு நடந்தாள்.

மாளிகையின் முன்பக்கப் புல்வெளியில் நம்மைப் போன்றவர்கள் கால் வைக்கக் கூடாது. சாப்பாட்டு அறைச் சன்னலிலிருந்து பார்க்கிற விருந்தாளிகளுக்கு, பால் சுமப்பவளும் கரிமண் சுமப்பவனும் கண்ணில் படக் கூடாது என்று துரையின் தாத்தா புல்வெளிக்கு அடியில் ஒரு சுரங்கவழி கட்டி வைத்திருந்தார். வாசல்காரன் அவளை அதற்குள்தான் அனுப்பினான். மேலே இருந்து தண்ணீர் சொட்டியது. நம்முடைய சாப்பாட்டை எடுத்துக்கொள்கிறவர்களுக்கு நம்முடைய முகம் ஆகாதா என்று நினைத்துக்கொண்டே அந்த இருட்டில் நடந்தாள்.

துரை சமையலறைத் தாழ்வாரத்துக்கு வந்தார். கூடவே ஒரு வேட்டை நாய். அவர் அதட்டிப் பேசுகிறவர் இல்லை. சிரித்த முகம். அதட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வெள்ளையடித்த வீட்டுக்கு மதிப்பு அதிகம்தானே, ஏஜெண்டு சொன்னதில் என்ன தப்பு என்று கேட்டார். அந்த மதிப்பைக் கூட்டியது யார் என்று அவள் கேட்டாள். நிலம் தன்னுடையது, நிலத்தின் மேல் எது நின்றாலும் அதுவும் தன்னுடையது, சட்டம் அப்படித்தான் இருக்கிறது என்றார். மழை பெய்கிறது என்று சொல்வதுபோல அதைச் சொன்னார். அவள் போகாமல் நின்றதால் நாயின் காதைத் தடவிக்கொண்டே சிரித்தார்.

"சரி, ஒண்ணு செய். வீட்டைப் பழையபடி ஆக்கிக் காட்டு. சுவர்ல வெள்ளை இல்லைன்னா ஏத்தமும் இல்லை. நான் சொன்னேன்னு கிராஸ்பிகிட்ட சொல்லு."

"இது துரையோட வாக்கா?"

"என் வாக்குதான். போ."

மாலக்கிக்கு உயிர் வந்தது. கிட்டி விட்டுப்போன கரிமண் இன்னும் மூலையில்தான் இருந்தது; அதை அள்ளப் போனான். வினி அவன் கையைப் பிடித்தாள். புகை போடமாட்டேன் என்றாள். உடைந்த அரிவாள் ஒன்றை எடுத்தாள். சுவருக்கு முன்னால் முழங்காலிட்டுச் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டாள்.

"ஆண்டவரே, நான் அழுக்காக்கல. உம்ம பார்வை பட்டதை எடுத்துக்கிட்டுப் போறேன். அவங்களும் ஒரு தடவை பார்க்கட்டும்."

பிறகு சுரண்டத் தொடங்கினாள். பீடம் இருந்த சுவரை முதலில் சுரண்டினாள். சுண்ணாம்பு செதில் செதிலாக விழுந்தது. ஒரு துளி வீணாகாமல், பீடத்துணியாக இருந்த அதே மாவுத்துணியில் சேர்த்தாள். தும்மல் வந்தது, கண் எரிந்தது, நகம் பிய்ந்தது. மாலக்கி கொஞ்ச நேரம் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் களைக்கொத்தியை எடுத்துக்கொண்டு எதிர்ச்சுவருக்குப் போனான். அன்றைக்கு அவன் பசுவைப் பார்க்கப் போகவில்லை. நாலு சுவரும் வெறும் கல்லாகும் வரை இரண்டு பேரும் நிறுத்தவில்லை. கடைசியில் கண்ணாடியையும் பெயர்த்து எடுத்தார்கள். இடையில் கிட்டி வந்து வாசலில் நின்றாள். வெகுநேரம் பார்த்துவிட்டுப் போனாள்.

குத்தகை நாள் வந்தது. மாளிகையின் குதிரைலாயத்தை ஒட்டி ஏஜெண்டின் அறை. முற்றத்தில் வரிசை. கிராஸ்பி மேசைக்குப் பின்னால் கறுப்புக் கோட்டில் உட்கார்ந்திருந்தார். அன்று ஒரு நாள் துரையும் வந்து நின்று எல்லாருடைய வணக்கத்தையும் வாங்கிக்கொள்வது வழக்கம். வினி முறை வந்ததும் தோளிலிருந்த மூட்டையை இறக்கி, முடிச்சை அவிழ்த்து மேசை மேல் கொட்டினாள். சுண்ணாம்புத் தூசி எழும்பி மைக்கூட்டையும் கறுப்புக் கோட்டையும் மூடியது. அதன் மேல் கண்ணாடியை வைத்தாள்.

கிராஸ்பி இருமிக்கொண்டே எழுந்தார். "என்ன இது?"

"ஏத்தம் ஐயா. எங்க வீட்டுல நீங்க விரலால தடவிப் பார்த்தீங்களே, அதுதான். எல்லாத்தையும் கொண்டுவந்துட்டேன். வீட்டுல இப்ப வெறும் கல்லு. துரை வாக்குக் குடுத்திருக்காரு." பக்கத்தில் நாணயங்களை வைத்தாள். "இந்தாங்க, பழைய குத்தகை."

துரை சிரித்தார். முற்றத்தில் இருந்த யாரும் கூடச் சிரிக்கவில்லை. அவர் சிரிப்பு பாதியில் நின்றது.

"நான் விளையாட்டுக்குச் சொன்னேன், அம்மா."

"நான் கேட்டேனே துரை. வாக்கான்னு கேட்டேன். வாக்குன்னு சொன்னீங்க."

துரை கிராஸ்பியைப் பார்த்தார். கிராஸ்பி கோட்டைத் தட்டிக்கொண்டு, ஏற்றத்தோடு கட்டு, இல்லையென்றால் வீட்டைக் காலி பண்ணு என்றார். துரை குனிந்து நாயின் கழுத்துப் பட்டையைச் சரிசெய்தார்.

வினி சுண்ணாம்புக்குள் கைவிட்டுத் தன் நாணயங்களைத் தேடி எடுத்தாள். ஒவ்வொன்றையும் ஊதித் தூசி தட்டி முக்காட்டு முனையில் முடிந்தாள். அவசரப்படவே இல்லை. பன்றி விற்ற காசு அது. "அப்ப இதுவும் கிடையாது" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். மாலக்கி தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு பின்னால் போனான்.

அடுத்து நின்றவள் கிட்டி. அவள் போர்வைக்குள்ளிருந்து எடுத்தது காசு அல்ல, சாக்குக்குப் பின்னால் இருந்த அந்தக் கண்ணாடி. அதை வினியின் கண்ணாடி மேல் வைத்தாள். வைத்த வேகத்தில் இரண்டும் உடைந்தன.

"எங்க வீட்டு ஏத்தமும் இதுல சேர்த்தி" என்றாள்.

அவளுக்குப் பின்னால் நின்றவர்களில் முக்கால்வாசிப் பேர் கட்டாமல் திரும்பினார்கள். எல்லாரும் இல்லை. படுக்கையில் கிடந்த மனைவியை வைத்துக்கொண்டிருந்த ஹோரன் கட்டினான். தலை குனிந்தபடி கட்டிவிட்டுப் போனான். அவனை யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்று வினி சொல்லிவிட்டாள்.

ஒரு ஊரையே தெருவில் தள்ள துரைக்கு அப்போது துணிவு வரவில்லை. மற்றவர்களிடம் பழைய குத்தகையை வாங்கிக்கொண்டார். ஆனால் யார் மேலாவது கையை வைக்காவிட்டால் அவருக்கு மரியாதை ஏது? பனி உருகுவதற்கு முன்பே டர்க்கன் வீட்டை மட்டும் காலி செய்ய வைத்தார்கள். கதவில் குறுக்குக் கட்டை அடித்துவிட்டுப் போனார்கள். வினியும் மாலக்கியும் கிட்டியின் மாட்டுக்கொட்டிலில் குடியிருந்தார்கள், பசுவோடு. டர்க்கன் நிலத்தை எடுக்க ஒருவனும் முன்வரவில்லை. அறுக்க ஆள் இல்லாமல் அந்த நிலத்துப் புல் நின்ற இடத்திலேயே மக்கியது. பிறகு நாடு முழுக்கக் கலவரமாகி, சட்டம் வந்து, குத்தகையை நீதிபதிகள் நிர்ணயிக்கும் காலம் வந்தபோது அவர்கள் வீட்டுக்குத் திரும்பினார்கள். முன்பு கொடுத்ததைவிடக் குறைவான குத்தகைக்கு. அதற்குள் மாலக்கியின் நெஞ்சில் கொட்டிலின் ஈரம் இறங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து அதிக நாள் அவன் இருக்கவில்லை.

வினி நெடுங்காலம் இருந்தாள். ஜெபமாலை சொல்லாமல் படுக்கமாட்டாள். பிச்சை கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பமாட்டாள். ஒவ்வொரு தபசு காலத்திலும் பாவசங்கீர்த்தனத்தில் ஒரே பாவத்தைத்தான் சொல்வதாக அவளே வெளியில் வந்து எல்லாரிடமும் சொல்வாள். துரை மேலும் ஏஜெண்டு மேலும் உள்ள கோபம். டியர்னன் சாமியார் பொறுமையான மனிதர். ஒரு வருஷம் அவரே பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டாராம், நம்முடைய ஆண்டவர் சிலுவையில் தொங்கும்போதே மன்னித்தாரே, உனக்கு இன்னும் மன்னிக்க மனசு வரவில்லையா வினி என்று.

"மன்னிச்சிடுறேன் சாமி. எனக்கு என்ன, நான் சின்ன ஜீவன். அவங்க வந்து கேட்கட்டும், அந்த நிமிஷமே மன்னிச்சிடுறேன்."

கோர்ட்டகல்லாவிலிருந்து பெரிய மாளிகை ஒரு நடை தூரம்தான். அவள் கண்ணை மூடுகிற வரை அங்கேயிருந்து யாரும் கேட்டு வரவில்லை.